ஆள் நிலைக்க என்ன செய்யணும்? இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், இராமேசுவரம், கீழக்கரை, தொண்டி பக்கத்துச் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியலும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்கும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். நண்டு கம்பெனி, ஐஸ் பிளான்ட், லாட்ஜ், சங்குக் கடை, விசைப்படகு என்று இடம் மாறினாலும், கணக்கை முடித்து டீ வரும் நேரத்தில் கிளம்பும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் கேட்டது முதலாளிகள். ஒரு கேள்வி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுடையது.

சம்பளம் ஒழுங்கா குடுத்துடுறோம். அதுக்கு மேல மரியாதை அது இதுன்னு தனியா என்ன இருக்கு?

முதலில் அந்தச் சம்பளத்தையே பார்ப்போம். இப்படிக் கேட்கும் பலருடைய பேரேட்டில் ஒரு மாதம் 5ஆம் தேதி, அடுத்த மாதம் 12ஆம் தேதி, அதற்கடுத்த மாதம் பாதி இன்றைக்கு, மீதி சந்தை நாளில் என்று இருக்கும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்குப் போயாக வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள். உங்களிடம் வேலை பார்க்கும் அக்காவுக்கு மகளிர் குழுத் தவணை தேதி தவறாமல் வந்து நிற்கிறது. நீங்கள் ஒரு வாரம் தள்ளினால் அவர் தெருவில் வட்டிக்கு வாங்குகிறார். சொன்ன தேதியில் சொன்ன தொகை வருவதே மரியாதையின் பெரும்பகுதி. அது இல்லாத இடத்தில் மற்றதைப் பேசிப் பயனில்லை.

சம்பளம் சரியாக வரும் இடத்தை விட்டும் ஆள் போவது உண்டு. போனவர்களிடம் கேட்டால் காரணம் சின்னதாகத்தான் வரும். “எல்லார் முன்னாடியும் வஞ்சுபுட்டாரு.” “பாத்ரூம் போறதுக்கு ஒரு அனுமதி.” “புள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னா நம்ப மாட்டாக.” கீழே வரும் கேள்விகள் எல்லாம் இவற்றைச் சுற்றித்தான்.

எங்களுது சின்ன எடம், பத்துப் பதினஞ்சு பேருதான். இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம் இல்லையா?

பத்து என்பதே சட்டத்தில் பெரிய எண்தான். பத்துப் பேர் சேர்ந்தாலே இ.எஸ்.ஐ. வந்துவிடும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, நிறுவனம் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழுவும் பத்துப் பேரிலிருந்தே கட்டாயம். இருபது பேர் ஆனால் பி.எஃப்., போனஸ். ஐம்பது பேர் ஆனால் குழந்தைகள் காப்பகம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி வேலை நியமனக் கடிதமும் கொடுக்க வேண்டும்.

சின்ன இடத்துக்கு ஒரு வசதியும் இருக்கிறது. முதலாளிக்கு எல்லோரையும் பெயர் சொல்லித் தெரியும், எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரியும். ஐந்நூறு பேர் இருக்கும் கம்பெனி இதற்கென்றே தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறது.

காசு செலவு பண்ணாம மொதல்ல என்ன செய்யலாம்?

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். “ஏய்”, “இந்தாம்மா”, “டேய் தம்பி” எல்லாவற்றையும் விட்டு, வயதில் மூத்தவரை அக்கா, அண்ணே, பாய் என்று முறை வைத்துக் கூப்பிடுங்கள். வெளியே கடைத்தெருவில் அப்படித்தானே கூப்பிடுகிறோம், வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் ஏன் மாற வேண்டும்?

அடுத்தது, நாளைய வேலை நேரத்தை இன்றே சொல்வது. நண்டு எப்போது வரும் என்று கடல்தான் தீர்மானிக்கிறது, சரி. ஆனாலும் படகு கரை சேர்ந்ததும் தகவல் உங்களுக்கு வந்துவிடுகிறது. அதை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டால் உச்சிப்புளியிலும் வேதாளையிலும் ஒரு பெண் விடிகாலையில் சோறு வடித்து வைத்துவிட்டு வேனுக்காக வீணே நிற்க வேண்டியதில்லை.

கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால், பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் நல்ல குடிநீரும். இந்தக் கரையில் குழாயடியில் வருவது பாதி உப்பு. முதலாளி அறையில் கேன் தண்ணீர், வேலை செய்கிறவர்களுக்குத் தொட்டித் தண்ணீர் என்று இருந்தால், அங்கே யாருக்கு எவ்வளவு மதிப்பு என்று வந்த முதல் நாளே தெரிந்துவிடும்.

கடையில பிள்ளைக ஸ்டூல் போட்டு உக்காந்தா, வர்ற யாத்திரைக்காரங்க என்ன நெனைப்பாங்க?

ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சங்கும் பாசிமணியும் வாங்க வந்தவர் விலையைத்தான் பார்ப்பார். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இது உங்கள் விருப்பம் இல்லை. ஸ்டூல் வாங்கிப் போடுங்கள்.

வையாம வேலை வாங்க முடியுமா அண்ணே? கொஞ்சம் பயம் இருந்தாத்தான் ஓடும்.

வேலை ஓடும். கூடவே தவறு ஒளிந்துகொள்ளும். நண்டு கம்பெனியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வேகவைத்த நண்டின் ஓட்டைக் கழற்றி, காலும் உடலும் சேருமிடத்தில் இருக்கும் பெரிய சதை உடையாமல் எடுக்கணும். ஓட்டு விளிம்பு கத்தி மாதிரி. விரல் கிழியாமல் ஒரு நாள் போகாது. விரல் கிழிந்தவர் சதையில் கை வைக்கக்கூடாது என்பது ஏற்றுமதிக்கான சுகாதார விதி. ஆனால் கூலி எடுக்கிற சதையின் கிலோ கணக்கில். காயத்தைக் காட்டினால் எழுப்பி விடுவார்கள், அன்றைய கூலி போச்சு, சூப்பர்வைசரிடம் ஏச்சு வேறு. அவர் என்ன செய்வார்? விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொள்வார். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

இதற்கு ஒரு கம்பெனி செய்த ஏற்பாடு எளிது. காயத்தைக் காட்டினால் கட்டுப் போட்டு, எடை போடும் இடத்துக்கோ பெட்டி ஒட்டும் இடத்துக்கோ மாற்றுவார்கள். அன்றைக்கு அவருடைய வழக்கமான சராசரிக் கூலி உண்டு. தொடங்கிய புதிதில் காயக் கணக்கு ‘ஏறியது’. முதலாளி பதறிப்போனார். காயம் ஏறவில்லை, சொல்வது ஏறியது.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது கண்டதும் இதைப் போன்றதுதான். நல்ல குழுக்களில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே தவறு கூடுதலாக நடந்திருக்கத் தேவையில்லை, பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கொண்ட முடிவு. ஒரு கேன் நண்டுச் சதையில் ஓட்டுத் துண்டு இருப்பதை இங்கே மேசையிலேயே ஒருவர் சொல்லிவிடுவது நல்லதா, கடல் கடந்து போய் அங்கிருந்து புகார் வருவது நல்லதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கருத்துப் பெட்டி வெச்சோம். ஒரு சீட்டுகூட விழல. அப்ப குறையே இல்லைன்னுதானே அர்த்தம்?

பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். முதலாளி அறை வாசலில், கேமராவுக்குக் கீழே. வேறு என்ன சொல்ல.

சீட்டை நம்புவதைவிட, வாரம் ஒரு தடவை வேலை முடியும் நேரத்தில் பத்து நிமிடம் நின்று “இந்த வாரம் எது இடைஞ்சலா இருந்துச்சு?” என்று கேளுங்கள். முதல் மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் மின்விசிறி ஓடவில்லை என்பார். அதை மறுநாளே சரிசெய்யுங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் பேசுவார்.

அட்வான்ஸ் குடுத்தும் ஆள் நிக்க மாட்டேங்குது. இன்னும் கூட்டிக் குடுக்கணுமா?

இதுதான் இந்தக் கரையின் பெரிய கேள்வி. ஆளைப் பிடித்து வைக்க நாம் கற்றுக்கொண்ட ஒரே வழி முன்பணம். படகில் டிரைவருக்கு அட்வான்ஸ், நண்டு கம்பெனியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அட்வான்ஸ், உப்பளத்தில் அட்வான்ஸ். அது கழிவதற்குள் இன்னொரு அட்வான்ஸ். அவர் உங்களிடம் இருக்கிறாரா, கடனில் இருக்கிறாரா என்று உங்களுக்கே தெரியாது. பக்கத்துக் கம்பெனி அந்தத் தொகையைக் கட்டத் தயார் என்றால் நாளைக்கே போய்விடுவார்.

ஆபத்து வேறும் உண்டு. வாங்கிய முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போக விடாமல் தடுத்தால், அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தில் வந்து நிற்கும். சம்பளத்தில் பிடித்தம் எல்லாம் சேர்ந்து பாதிக்கு மேல் போகக்கூடாது என்பதும் சட்டம்.

முன்பணமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் இவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, வங்கி வாசலில் நிற்க வைப்பார்கள். கொடுங்கள். வட்டி வேண்டாம், மாதம் எவ்வளவு கழிப்பது என்று இருவரும் பேசி எழுதுங்கள், ஒரு சீட்டு அவர் கையிலும் இருக்கட்டும். ‘பாக்கி இருந்தாலும் போகலாம், தவணையாகக் கட்டலாம்’ என்ற வரியும் அதில் வேண்டும். இந்த வரியைச் சேர்க்கச் சொன்னால் எல்லா முதலாளியும் என்னை முறைக்கிறார்கள். சேர்த்தவர்களில் யாரும் அதனால் ஆளை இழந்ததாக இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

படகுல சம்பளம் கெடையாது, பங்குதான். அங்க என்னத்த மதிக்கிறது?

கணக்கைக் காட்டுவதை. டீசல், ஐஸ், பேட்டா கழித்துத்தான் பங்கு. எவ்வளவு டீசல் போட்டோம், எந்த விலைக்கு மீன் போனது என்று கடலுக்குப் போய் வந்தவருக்குத் தெரியாமல், கடைசித் தொகையை மட்டும் கையில் கொடுத்தால் அவர் மனசில் சந்தேகம் தங்கிவிடும், நீங்கள் நேர்மையாகவே பங்கு பிரித்திருந்தாலும். பில்லைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பும் ஓர் உரிமையாளர் இராமேசுவரத்தில் இருக்கிறார். திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும் படகு. மறுநாள் ஏலம் முடிந்த கையோடு பில் வந்துவிடும். அவரிடம் ஆள் தேடும் வேலை இல்லை.

கடலுக்குப் போன தம்பி இலங்கைச் சிறையில இருக்கான். அவன் பேருல இருக்கிற அட்வான்ஸ் கணக்கை என்ன பண்றது?

நிறுத்தி வையுங்கள். அவர் திரும்பி வந்து, மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கும் வரை அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள். சிறையில் இருப்பவரின் குடும்பத்துக்கு அரசு தினப்படி உதவித்தொகை தருகிறது. அதற்கான காகிதங்களைச் சேர்த்து மீன்வளத் துறை அலுவலகத்துக்கு அந்த அம்மாவைக் கூட்டிப்போய் வர ஒரு ஆள் அனுப்புங்கள். படகு பிடிபட்ட நஷ்டத்தில் நீங்களும்தான் இருக்கிறீர்கள், தெரியும். ஆனால் அந்த நாட்களில் யார் வீட்டு வாசலுக்கு வந்தார், யார் போனை எடுக்கவில்லை என்பது தங்கச்சிமடம் முழுவதும் தெரிந்திருக்கும். அடுத்து ஆள் கேட்டுப் போகும்போது அதுதான் முன்னால் போய் நிற்கும்.

தீபாவளிக்கு போனஸ், துணி, பிரியாணி எல்லாம் போடுறோம். அப்பவும் மொகம் சுளிக்கிறாங்களே?

போனஸை அன்பளிப்பு மாதிரி கொடுத்தால் சுளிக்கத்தான் செய்வார்கள். இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைந்தது 8.33 சதவீதம் அவர்கள் உரிமை; ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி வந்துவிடும். சீசனுக்கு வந்து போகும் பெண்களை விட்டுவிடும் கம்பெனிகள் இதை மறந்துவிடுகின்றன. துணியும் பிரியாணியும் அதற்கு மேல்தான் கணக்கு.

இன்னொன்று, எல்லோருக்கும் தீபாவளி இல்லை. ஒரே மேசையில் பெரியபட்டினத்து பாத்திமாவும் தங்கச்சிமடத்து அந்தோணியம்மாவும் உச்சிப்புளி முனியம்மாவும் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக ஐந்து பண்டிகை நாள்கள் சம்பளத்தோடு விட வேண்டும். அந்த ஐந்தை நீங்களாகவே எழுதாமல் அவர்களிடம் கேளுங்கள். ஏர்வாடி சந்தனக்கூடு வேண்டும் என்பார்கள், ஆடி அமாவாசை வேண்டும் என்பார்கள், கிறிஸ்துமஸ் வேண்டும் என்பார்கள். ஐந்துக்குள் அடங்காது. அடங்காததற்கு ஆள் மாற்றிக்கொள்ள விடுங்கள்: சந்தனக்கூடு அன்று முனியம்மா பார்ப்பார், பொங்கல் அன்று பாத்திமா பார்ப்பார். அவர்களே பேசி முடிப்பதை நான் பார்த்திருக்கிறேன், பட்டியல் போட்டுக் கொடுத்தால்தான் சண்டை வருகிறது. (லாட்ஜ்காரர்களுக்கு ஆடி, தை அமாவாசையில் விடுமுறை கொடுக்க வழியே இல்லை. அன்று வேலை செய்தவருக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளமோ, ஒரு சம்பளமும் மாற்று விடுமுறையுமோ கொடுங்கள்.)

ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். வேலையே இல்லாதப்ப ஆளை எப்படி வெச்சுக்கிறது?

61 நாளும் முழுச் சம்பளம் கொடுங்கள் என்று சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிடுவீர்கள். நாட்டுப்படகு நண்டு கொஞ்சம் வரும். இருக்கிற வேலையைச் சிலருக்கே கொடுக்காமல் முறை வைத்துப் பிரித்துக் கொடுங்கள். எந்திரம் கழுவுவது, வலை பின்னுவது, வெள்ளையடிப்பது எல்லாவற்றுக்கும் வெளியாள் கூப்பிடும் முன் உங்கள் ஆட்களைக் கேளுங்கள். ஜூனில் திரும்ப எடுப்போம் என்பதை ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் திருப்பூர் பஸ்ஸில் ஏறிவிடுவார்.

ஆள் உங்களை எப்படி நினைக்கிறார் என்பதை அளக்க வேறு எந்தக் கணக்கும் தேவையில்லை. தடை முடிந்து கூப்பிட்டால், முன்பணப் பாக்கி இல்லாதவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். பாக்கி உள்ளவர் வந்தே தீர வேண்டும்; அவர் வருகை எதையும் காட்டாது.

ஒடிசா, வங்காளத்துப் பையன்களுக்குத் தமிழே தெரியல. அவங்களை எப்படிச் சேத்துக்கிறது?

அவர்கள் ஆதார் அட்டையை வாங்கி உங்கள் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தால் முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள். நகல் போதும். மேஸ்திரி மூலம் சம்பளம் போகிறதென்றால் நிறுத்தி, நேராக அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். நடுவில் எவ்வளவு நின்றது என்று தெரியவரும்.

மற்றபடி, தினமும் இட்லியும் சாம்பாரும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அரிசியும் மீனும் கொடுத்துச் சமைக்க அடுப்பு கொடுங்கள். ‘வடக்கன்’ என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். நம் கீழக்கரைப் பிள்ளைகளை வளைகுடாவில் ஒருவன் அப்படி ஊர்ப் பெயர் சொல்லி ஏளனமாகக் கூப்பிட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

சூப்பர்வைசர் என் மச்சான். ஆளுக எல்லாம் அவரைத்தான் குறை சொல்றாங்க. என்ன செய்ய?

வீட்டில் சண்டை வரும், தெரிகிறது. ஆனாலும் அவர் இல்லாத நாளில் தனித்தனியாகப் பேசிப் பாருங்கள். புகார் வேலை கண்டிப்பைப் பற்றியதா, வாய் வார்த்தையைப் பற்றியதா, பணத்தைப் பற்றியதா என்று பிரித்துவிடலாம். கண்டிப்பு என்றால் விதியை எழுதி ஒட்டுங்கள், அவருக்கும் அது பாதுகாப்பு. வாய் என்றால் ஒரு தடவை, நாள் குறித்து எச்சரியுங்கள். எடையில் கை வைக்கிறார் என்றால் பேச்சே இல்லை. அவரை ஐஸ் வாங்கவோ வண்டி பார்க்கவோ மாற்றுங்கள், ஆள்மேல் அதிகாரம் இல்லாத வேலையாகப் பார்த்து.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: “உங்களைப் பத்தி இன்னார் இப்படிச் சொன்னா” என்று மச்சானிடம் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அந்தக் கருத்துப் பெட்டி கதைதான்.

இங்க ஒருத்தர் தப்பா நடந்துக்கிறார். நான் சொன்னா எம் பேருதான் கெடும். யாருகிட்ட போறது?

கேட்டவர் வேலைக்குப் போகும் பெண். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 2013ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். உங்கள் பெயரையோ விவரத்தையோ குழு வெளியே விடக்கூடாது. பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர் புகார்க் குழுவுக்குப் போகலாம். இராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

முதலாளிகளுக்கு: குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அதைவிட, வேனில் கடைசியாக இறங்கும் பெண் யார், அந்த நேரம் வண்டியில் வேறு யார் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? இன்றைக்கே பாருங்கள்.

எல்லாம் செஞ்சாலும் பையன் துபாய்க்குப் போயிடுறான். பின்ன எதுக்கு இவ்வளவும்?

துபாய்ச் சம்பளத்தோடு நீங்கள் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். போகிறவரை நல்லபடியாக அனுப்புங்கள். அனுபவச் சான்றிதழைக் கேட்டதும் எழுதிக் கொடுங்கள், பாஸ்போர்ட் வேலைக்கு லீவு கொடுங்கள். கீழக்கரையில் ஒரு கடைக்காரர் இப்படி அனுப்பிய பையன், தன் தம்பியை அதே கடையில் கொண்டுவந்து விட்டுப் போனான்.

போறவனுக்குக் கணக்கு எப்ப முடிக்கணும்? அடுத்த மாசச் சம்பளத்தோட சேத்துக் குடுக்கலாமா?

கூடாது. ராஜினாமா என்றாலும் நீக்கம் என்றாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கி கொடுத்தாக வேண்டும் என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. குறித்த கால ஒப்பந்தத்தில் எடுத்தவர் என்றால் ஒரு வருடமே போதும். முன்பணப் பாக்கி இருந்தால், மேலே சொன்ன சீட்டுப்படி தவணை. பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியை அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். அதை ஏற்றாததால் தன் பணத்தை எடுக்க முடியாமல் அலைகிறவர்கள்தான் என்னிடம் மாதாமாதம் வருகிறார்கள்.